புறப்பட்டது 14.3, வந்து சேர்ந்தது 12.5: ஒரு பழைய வண்டியின் சார்ஜிங் குறை

பின்னணி

வண்டி 2009-இல் பதிவானது. 220 சிசி. செல்ஃப் ஸ்டார்ட் மட்டும்தான், கிக்கர் கிடையாது. வாங்கியவர் மகன். அவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போனதும் வண்டி தந்தையின் கைக்கு வந்தது. தந்தைக்கு 58 வயது. உச்சிப்புளியைச் சுற்றியுள்ள ஊர்களில் மீன் விற்கிறார். பின்னிரவு மூன்று மணிக்குக் கிளம்பி, மண்டபம் கடந்து, சாலைப் பாலம் ஏறிப் பாம்பனில் மீன் எடுப்பார். போக மட்டும் சுமார் 25 கிலோமீட்டர். திரும்பும்போது பொழுது விடிந்துவிடும். அதன் பிறகு பத்து மணி வரை தெருத் தெருவாக விற்பனை. நாலு வீட்டுக்கு ஒருமுறை நிறுத்தி, ஹார்ன் அடித்து, மீன் நிறுத்துக் கொடுத்து, மறுபடியும் செல்ஃப் போடுவார். பேட்டரியைப் பொறுத்தவரை இதைவிடக் கடினமான பிழைப்பு இல்லை.

நெடுஞ்சாலையில் இரவில் மாடுகள் படுத்துக் கிடக்கும் என்பதால் 20 வாட் எல்இடி விளக்குகள் இரண்டை முன்னால் கூடுதலாக மாட்டியிருந்தார். பின்சீட்டில் கேரியர், அதன்மேல் ஐஸும் மீனும் நிறைந்த பிளாஸ்டிக் பெட்டி.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் நாட்டுப் படகு மீனை நம்பி அருகிலேயே சுற்றினார். வண்டி பல நாள் நின்றே கிடந்தது. தடை முடிந்து பாம்பன் ஓட்டம் தொடங்கிய சில வாரங்களில் குறை தெரிய ஆரம்பித்தது.

முதல் வருகையும் என் தவறும்

ஜூலை நடுவில் வண்டி என் பட்டறைக்கு வந்தது. காலையில் செல்ஃப் இழுக்கவில்லை, ஹெட்லைட் போட்டால் இன்டிகேட்டர் சோம்பலாக மின்னுகிறது, ஹார்ன் தொண்டை கட்டியதுபோல் ஒலிக்கிறது என்று மூன்று குறைகள் சொன்னார். பேட்டரியில் 11.9 வோல்ட். முழுமையாகச் சார்ஜ் செய்து செல்ஃப் போட்டுப் பார்த்தேன். செல்ஃப் சுற்றும்போது 8.7-க்கு இறங்கியது. நல்ல பேட்டரி அந்த நேரத்தில் 10 வோல்ட் அளவிலாவது நிற்க வேண்டும். அது மூன்று ஆண்டு பழசு, இரண்டு மாதம் சரியாகச் சார்ஜ் ஏறாமல் கிடந்தது வேறு. மாற்றியது சரிதான். 12 வோல்ட், 9 ஆம்பியர் அவர் பேட்டரி ஒன்று போட்டேன்.

தவறு அதற்குப் பிறகு நடந்தது. எஞ்சினை ஓடவிட்டு, ஆக்சிலேட்டரை முறுக்கி, பேட்டரியில் மீட்டர் வைத்தேன். 13.4 காட்டியது. ஆரோக்கியமான வண்டியில் 4,000 ஆர்பிஎம் அளவில் 13.8-க்கும் 14.5-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அது எனக்குத் தெரியாததல்ல. "புதுப் பேட்டரி, அதிகமாக இழுத்துக்கொள்கிறது, ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஹெட்லைட்டைப் போட்டு அளக்கவும் இல்லை. அன்று பட்டறையில் ஏழு வண்டிகள் நின்றன. வண்டியைக் கொடுத்தனுப்பிவிட்டேன்.

பதினெட்டாம் நாள்

பதினேழு நாள் ஓடியது. பதினெட்டாம் நாள் விடியற்காலை பாம்பனில் மீன் பெட்டியைக் கட்டிவிட்டுச் செல்ஃப் போட்டால் டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. சுமை தூக்குபவர்கள் இரண்டு பேர் தள்ளி எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கச்சான் காற்று பலமாக வீசும் காலம் அது. இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலத்தில், விளக்குகளை அணைத்துவிட்டு, எஞ்சின் நின்றுவிடக்கூடாதே என்று ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தேன் என்றார். இந்த வகை வண்டியில் இக்னிஷனுக்கும் பேட்டரி மின்சாரம்தான். அது மிகவும் இறங்கினால் ஓடுகிற எஞ்சினே நின்றுவிடும்.

வழியில் ஒரு பட்டறையில் நிறுத்தியதில் அவர்கள் ரெகுலேட்டரை (எஞ்சின் சுற்றும்போது மேக்னெட் காயிலில் உண்டாகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்திப் பேட்டரிக்கு அனுப்பும் பாகம்) மாற்றியிருந்தார்கள். இரண்டு நாளில் அதே கதை. வண்டி மறுபடியும் என்னிடம் வந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. நான் பேட்டரியை மாற்றினேன், அவர்கள் ரெகுலேட்டரை மாற்றினார்கள். இரண்டு பட்டறையிலும் மின்சாரம் போகும் வழியை யாரும் அளந்து பார்க்கவில்லை.

அன்று மாலை மகன் வெளிநாட்டிலிருந்து பேசினார். "அண்ணே, காயில், வயரிங் செட் எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள். பணம் அனுப்புகிறேன். அப்பா இரவில் நடுவழியில் நிற்கக்கூடாது." அவருடைய கவலை நியாயமானது. ஆனாலும் ஒப்புக்கொள்ளவில்லை. எதனால் என்று தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றினால், குறை போனாலும் எதனால் போனது என்று தெரியாது. திரும்ப வந்தால் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு நாள் அவகாசம் கேட்டேன்.

பீப் சத்தம் சொன்ன பொய்

முதலில் பேட்டரியை வண்டியிலிருந்து கழற்றி இரவு முழுக்கத் தனியாகச் சார்ஜ் செய்தேன். காலையில் சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் விட்டு அளந்தபோது 12.75. பேட்டரி சாகவில்லை என்று தெரிந்தது. காலியான பேட்டரியை வைத்துக்கொண்டு சார்ஜிங்கை அளப்பது, ஓட்டைக் குடத்தில் குழாய்த் தண்ணீரின் வேகத்தை அளப்பதுபோல.

அடுத்து எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். மல்டிமீட்டரைப் பீப் நிலையில் வைத்து ரெகுலேட்டரின் ஒவ்வொரு கம்பியையும் பேட்டரி வரை சோதித்தேன். எல்லாக் கம்பியிலும் பீப் சத்தம் கேட்டது. ஓம் நிலையில் எர்த் கம்பி (நெகட்டிவ் பக்கத்துக் கம்பி) 0.4 காட்டியது. மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.3 காட்டும். மீதி 0.1 என்பது மீட்டரின் பிழையாகவே இருக்கலாம் என்று எவரும் விட்டுவிடுவார்கள்.

அங்கேதான் ஏமாறுகிறோம். பீப் சோதனையில் மீட்டர் அனுப்புவது சில மில்லி ஆம்பியர். சார்ஜிங் கம்பியில் ஓடுவது பத்து ஆம்பியர். இருபது இழையுள்ள கம்பியில் பதினெட்டு இழை செத்துப்போனாலும் மில்லி ஆம்பியர் தடையின்றிப் போய்விடும், மீட்டரும் பீப் அடிக்கும். ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், பத்து ஆம்பியர் போகும்போது ஒரு முழு வோல்ட்டை அது தின்றுவிடும். சார்ஜிங்கில் நல்லதுக்கும் கெட்டதுக்கும் உள்ள வித்தியாசமே அந்த ஒரு வோல்ட்தான்.

ஆகவே எஞ்சின் ஓடும்போது, எல்லா விளக்கும் எரியும்போது, பேட்டரியிலும் ரெகுலேட்டரிலும் அளந்தேன். எல்லாம் 4,000 ஆர்பிஎம்மில்.

விளக்கு எதுவும் இல்லாமல் பேட்டரியில் 13.3. ஹெட்லைட் போட்டால் 12.9. கூடுதல் விளக்குகளையும் போட்டால் 12.5. அதாவது அவர் மூன்று மணிக்குக் கிளம்பிப் பாம்பன் போய்ச் சேரும்வரை பேட்டரி சார்ஜ் ஆகவே இல்லை, தன்னிடம் இருப்பதைக் கொடுத்துக்கொண்டிருந்தது. மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் அதையே சொன்னது: பேட்டரியிலிருந்து வெளியே ஒன்றரை ஆம்பியர்.

மீட்டர் முனைகளை ரெகுலேட்டரின் சிவப்புக் கம்பியிலும் கறுப்புக் கம்பியிலும், கம்பிகளை இணைக்கும் பிளாஸ்டிக் கப்ளருக்குப் பின்புறமாகச் செருகினேன். 14.3.

இரண்டு முறை பார்த்தேன். பிறகு இந்த மீட்டரை நம்பாமல் இன்னொன்றை எடுத்து வந்து பார்த்தேன். அதிலும் 14.3. பழைய ரெகுலேட்டரை அவர் பையில் வைத்திருந்தார். அதை மாட்டினாலும் 14.3. அது கெட்டே போகவில்லை.

இந்த வண்டியின் ரெகுலேட்டர் தன் வாசலில் உள்ள வோல்ட்டைப் பார்த்துத்தான் கட்டுப்படுத்துகிறது. தன் வாசலில் 14.3 வந்ததும் போதும் என்று மட்டுப்படுத்திவிடுகிறது. வழியில் 1.8 வோல்ட் தொலைந்து, பேட்டரிக்கு 12.5 மட்டுமே போய்ச் சேர்வது அதற்குத் தெரியாது. இந்த நிலையில் எத்தனை ரெகுலேட்டர் மாற்றினாலும் ஒவ்வொன்றும் அதே 14.3-ஐத்தான் காட்டும்.

தொலைந்த 1.8 வோல்ட்டைத் தேடியது

எஞ்சினும் விளக்குகளும் அப்படியே இருக்க, மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் சிவப்புக் கம்பியிலும் மறு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும் வைத்தேன். கம்பியின் நுனியில் மாட்டிய உலோக வளையமான லக்கில் வைக்கவில்லை, பேட்டரியின் ஈய முனையில் நேராக வைத்தேன். லக்கில் வைத்தால் லக்குக்கும் முனைக்கும் நடுவில் உள்ள குறை கணக்கில் வராமல் போய்விடும். 0.4 வோல்ட். கொஞ்சம் அதிகம்தான். 0.2-க்குள் இருந்தால் நல்லது.

நெகட்டிவ் பக்கம் அதே அளவு எடுத்தபோது 1.4. இரண்டையும் கூட்டினால் 1.8. கணக்கு முடிந்தது, வேறெங்கும் தேட வேண்டியதில்லை. பாசிட்டிவ் கம்பியையே பார்த்துக்கொண்டு எர்த்தை மறந்துவிடுவது நம் தொழிலில் பழைய பழக்கம்.

நெகட்டிவ் வழியை மூன்று துண்டாக அளந்தேன். ரெகுலேட்டரிலிருந்து எர்த் லக் வரை 0.3. லக்கிலிருந்து சேசிஸ் (வண்டியின் சட்டம்) இரும்பு வரை, ஒரு சுண்டுவிரல் நகத்தின் அகலம்கூட இல்லாத இடத்தில், 0.9. சேசிஸிலிருந்து பேட்டரி வரை 0.2.

அந்த எர்த் போல்ட்டு பின்சீட்டுக்கு நேர் கீழே இருந்தது. சீட்டைத் தூக்கியதும் மீன் வாடை முகத்தில் அடித்தது. பெட்டியின் அடியில் உள்ள ஓட்டை வழியாக ஐஸ் தண்ணீர் சொட்டி, கேரியர் கம்பி வழியே இறங்கி, சரியாக அந்தப் போல்ட்டின் தலையில் விழுந்துகொண்டிருந்தது. வெறும் ஐஸ் தண்ணீரும் அல்ல, மீனின் உப்பும் செதிலும் கலந்த தண்ணீர். போல்ட்டின் தலை கருவாட்டுத் துண்டுபோல் வெள்ளையாகப் பூத்திருந்தது. பத்தாம் நம்பர் ஸ்பேனரை மாட்டித் திருப்பியதும் போல்ட்டு பாதியில் முறிந்தது. லக்கின் அடியில் பச்சைக் களிம்பு, அதற்கும் கீழே துருவின் மெல்லிய தகடு. அந்தத் தகட்டின் வழியாகத்தான் பத்து ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது.

கம்பியின் மேலுறையைப் பிளேடால் கீறினேன். செம்பு கறுத்திருந்தது. விரலால் வளைத்தால் இழைகள் எரிந்த திரிபோல உதிர்ந்தன. லக்கிலிருந்து மூன்று விரல் நீளத்துக்கு உறைக்குள்ளேயே உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது. வெளியே பார்த்தால் கம்பி புதுசுபோல இருந்தது.

பெரியவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, இது என் பெட்டி செய்த வேலையா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

நம் கரையில் உப்பைப் பற்றி யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கடலோர அரிப்பை ஆராய்வதற்காகக் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் மண்டபத்திலேயே ஒரு நிலையம் அமைத்தது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தின் இரும்பைக் காப்பாற்ற எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதும் நாம் பார்த்ததுதான். இருந்தும் நாங்கள் வண்டியில் துருவைத் தேடுவது சைலன்ஸரிலும் ரிம்மிலும்தான், எர்த் போல்ட்டின் அடியில் அல்ல.

செய்த வேலை

கறுத்த செம்பு முடிந்து பளபளப்பான செம்பு தெரியும் வரை கம்பியை வெட்டினேன். ரெகுலேட்டரின் நெகட்டிவிலிருந்து பேட்டரியின் நெகட்டிவுக்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி ஒன்றை நேராக இழுத்தேன். சேசிஸ் வழியை மட்டும் நம்பி இனி இந்த வண்டி ஓட வேண்டாம் என்பது என் முடிவு. சேசிஸ் எர்த்தை வேறு இடத்துக்கு, தண்ணீர் எட்டாத முன்பக்கப் போல்ட்டுக்கு மாற்றினேன். பெயின்ட்டை வெள்ளை இரும்பு தெரியச் சுரண்டி, லக்கை இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவினேன். இறுக்குவதற்கு முன் தடவுபவர்களும் உண்டு. இறுக்கிவிட்டுப் பூசினால் போதும் என்பது என் அனுபவம்.

பாசிட்டிவ் பக்கத்தில் கப்ளரின் ஒரு பின் சூட்டில் பழுத்துச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகியிருந்தது. அதை மாற்றினேன்.

முதல் குறையின் நிழலில் ஒன்று

விளக்கு இல்லாமல் 14.2. ஹெட்லைட்டுடன் 14.1. இங்கேயே நிறுத்தியிருந்தால் மறுபடியும் ஜூலை மாதத் தவறைத்தான் செய்திருப்பேன். கூடுதல் விளக்குகளையும் போட்டேன். 13.2.

வழியில் இழப்பு இப்போது 0.2 மட்டுமே. ஆக, ரெகுலேட்டரின் வாசலிலேயே 13.4-தான் இருக்கிறது. முன்பு அதே இடத்தில் 14.3 இருந்ததே, சரிசெய்த பிறகு எப்படிக் குறையும்? ஒரு டீ குடித்துவிட்டு வந்த பிறகுதான் விளங்கியது. முன்பு துரு வழியை அடைத்து வைத்திருந்ததால் மின்னோட்டம் ஒன்பதரை ஆம்பியரைத் தாண்டவில்லை. வழி திறந்ததும் விளக்குகளும் பேட்டரியும் வேண்டியதைக் கேட்டன, பன்னிரண்டுக்கு மேல் போனது. அவ்வளவு கொடுக்க மேக்னெட் காயிலுக்குத் தெம்பு இல்லை.

எஞ்சினை நிறுத்தி, காயிலிலிருந்து வரும் மூன்று மஞ்சள் கம்பிகளின் கப்ளரைக் கழற்றிவிட்டு, மறுபடி ஓடவிட்டு ஏசி வோல்ட் அளந்தேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு எஞ்சினை ஓட்டிப் பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரெகுலேட்டரையும் மற்ற மின்னணுப் பாகங்களையும் எரிக்க அது போதும், செய்ய வேண்டாம்.

முதல் கம்பிக்கும் இரண்டாவதற்கும் நடுவில் 48. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் 36. மூன்றாவதற்கும் முதலாவதற்கும் 37. மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்த இரண்டு அளவிலும் பொதுவாக இருப்பது மூன்றாவது கம்பி. அந்தக் கம்பியின் சுருளில் சில சுற்றுகள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று பொருள். ஓம் மீட்டர் மூன்றுக்கும் 0.6, 0.7 என்று ஏதோ காட்டியது. இவ்வளவு சிறிய தடையில் அதை நம்பிப் பயனில்லை. எர்த்தோடு தொடர்பு எந்தச் சுருளிலும் இல்லை. கவரைத் திறந்தபோது ஒரு கட்டைச் சுருள் மட்டும் கருகிய வார்னிஷுடன் இருந்தது.

இங்கே இரண்டு வழி இருந்தது. கூடுதல் விளக்குகளைக் கழற்றிவிட்டால் இருக்கிற காயிலே இன்னும் சில காலம் தாங்கும், செலவில்லை. ஆனால் மாடு படுத்திருக்கும் சாலையில் அந்த விளக்குகளைக் கழற்றச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவரும் ஒத்துக்கொள்ளவில்லை. புதுக் காயில் பிளேட்டை விடப் பழையதையே மறுபடி சுற்றிக் கட்டுவது மலிவு. ராமநாதபுரத்தில் கம்பித் தடிமனும் சுற்று எண்ணிக்கையும் மாறாமல் கட்டும் ஒருவரிடம் கொடுத்தேன். மூன்று நாள் ஆனது. அதுவரை மைத்துனரின் மொபெட்டில் மீன் எடுத்தார்.

பின்னர் நடந்தது

மாட்டிய பிறகு ஏசி 49, 48, 49. எல்லா விளக்கும் எரிய, 4,000 ஆர்பிஎம்மில் பேட்டரியில் 13.9. ஐட்லிங்கில் எல்லா விளக்கும் எரிந்தால் 12.6-தான். அது இந்த வண்டியின் இயல்பு. வண்டி நிற்கும்போது கூடுதல் விளக்குகளை அணைத்துவிடச் சொன்னேன்.

மகனுக்குக் கணக்கு அனுப்பினேன். ரெகுலேட்டர் மாற்றிய செலவு வீண் என்பதைச் சொன்னேன். முதல் முறை நான் சரியாக அளந்திருந்தால் பாம்பனில் அப்பா நின்றிருக்க மாட்டார் என்பதையும் சொன்னேன். இரண்டாம் முறைக்குக் கூலி வாங்கவில்லை, காயில் கட்டிய செலவு மட்டும் வாங்கினேன்.

பட்டறையில் இரண்டு பழக்கங்கள் மாறியிருக்கின்றன. பேட்டரி மாற்றிய எந்த வண்டியும் எல்லா விளக்கையும் போட்டு அளக்காமல் வெளியே போவதில்லை. அந்த அளவில் 13.5-க்குக் கீழே வந்தால் வாடிக்கையாளர் எவ்வளவு அவசரப்பட்டாலும் ரெகுலேட்டர் வாசலில் ஒரு முறை மீட்டர் வைக்கிறேன். அதற்கு இரண்டு நிமிடம் போதும். இன்னொன்று, மீன், கருவாடு, உப்பு ஏற்றும் வண்டி என்றால் வேறு எதற்காக வந்தாலும் முதலில் சீட்டைத் தூக்கிப் பார்க்கிறேன். அப்படிப் பார்த்ததில் வாலிநோக்கம் பக்கத்து உப்பு வியாபாரி ஒருவரின் வண்டியில் இதே இடத்தில் இதே பச்சைக் களிம்பு இருந்தது. அவர் பிரேக் ஷூ மாற்ற வந்தவர்.

பெரியவர் பெட்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டு வைத்து, ரப்பர் குழாய் மாட்டி, தண்ணீரைச் சக்கரத்துக்குப் பின்னால் விழும்படி இறக்கிவிட்டார். அது அவருடைய சொந்த யோசனை. தினமும் விற்பனை முடிந்ததும் நல்ல தண்ணீர் ஒரு வாளி ஊற்றிக் கழுவுகிறார்.

நவம்பரில், வாடைக் காற்றும் மழையும் தொடங்கிய பிறகு, வண்டியை வரச் சொல்லி அளந்தேன். பேட்டரியில் 13.9. அதில் மாற்றமில்லை. நெகட்டிவ் வழியின் இழப்பு மட்டும், ஆகஸ்டில் 0.08 ஆக இருந்தது, 0.14 ஆகியிருந்தது. லக்கைக் கழற்றித் துடைத்து, வாசலினைப் புதிதாகப் பூசினேன். 0.08-க்கு வந்தது. இரண்டு அளவையும் தேதியோடு பக்கக் கவரின் உட்புறத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அடுத்து மாசியில் வரச் சொல்லியிருக்கிறேன்.